கணக்குச் செயலி வைத்திருந்தால் வங்கியில் கடன் கிடைத்துவிடுமா?

"போனில் கணக்கு எழுதுங்கள், கடன் தேடி வரும்" என்ற பேச்சு மதுரை மாவட்டத்து மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் கடைவீதிகளில் இப்போது சகஜமாகிவிட்டது. கியூஆர் அட்டை ஒட்ட வருபவர் சொல்கிறார், செயலியின் விளம்பரம் சொல்கிறது. அதை நம்பி ஆறு மாதம் விடாமல் எழுதியவர், போனை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறார். மேலாளரோ செயலியைத் திறந்துகூடப் பார்க்காமல், "ஒரு வருஷத்து ஸ்டேட்மென்ட் கொண்டு வாங்க" என்கிறார். அப்படியானால் எழுதியதெல்லாம் வீணா?

வீணில்லை. ஆனால் செயலிக்கும் கடனுக்கும் இடையில் சில படிகள் இருக்கின்றன. விளம்பரங்கள் அவற்றைச் சொல்வதில்லை. அந்தப் படிகளை வரிசையாகப் பார்ப்போம்.

வங்கி கேட்கும் மூன்று கேள்விகள்

கடன் கேட்டு வருபவர் நல்லவரா என்று பார்த்துச் சொல்லும் கருவி எதுவும் வங்கியிடம் இல்லை. காகிதத்தை வைத்து மூன்று விஷயங்களைத்தான் அது தெரிந்துகொள்ளப் பார்க்கும்.

1. ஆண்டுக்கு எவ்வளவு விற்பனை?
2. எல்லாச் செலவும் போக மாதம் எவ்வளவு மிஞ்சும்?
3. இதற்கு முன் வாங்கிய கடனைத் தவறாமல் கட்டினாரா?

முதல் கேள்விக்கான பதில்தான் கடனின் அளவைத் தீர்மானிக்கிறது. ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் பரிந்துரைப்படி வந்த ஒரு எளிய கணக்கு இதற்கு இருக்கிறது: சிறு தொழிலின் நடைமுறை மூலதனக் கடனாக, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் தரலாம். நடைமுறை மூலதனம் என்றால் சரக்கு வாங்கவும், விற்ற சரக்குக்குப் பணம் வரும்வரை தாக்குப்பிடிக்கவும் தேவைப்படும் பணம்.

செல்லம்பட்டி பக்கம் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வியாபாரம். அதில் 1,500 ரூபாய் யுபிஐ வழியாக வருகிறது, 2,500 ரூபாய் ரொக்கம், மீதி 1,000 ரூபாய் கடன் நோட்டில் ஏறுகிறது. ஆண்டுக்கு 360 நாள் என்று கொண்டால் மொத்த விற்பனை 18 லட்சம். அதில் 20 சதவீதம் என்றால் 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வரை கடன் கேட்க இந்தக் கடைக்குத் தகுதி உண்டு.

வங்கியின் கண்ணில் படுவது எவ்வளவு? யுபிஐயில் வந்தது மட்டும்தான். அது ஆண்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். அதில் 20 சதவீதம் 1 லட்சத்து 8 ஆயிரம். ரொக்கம் கல்லாவிலிருந்து நேராக மொத்த வியாபாரியின் கைக்குப் போய்விடுகிறது. கடன் விற்பனை கோடு போட்ட நோட்டுக்குள் கிடக்கிறது. கடை அதேதான், உழைப்பும் அதேதான். கணக்கு வெளியே தெரியாததால் மட்டும் கடன் தகுதி இரண்டரை லட்சம் ரூபாய் குறைந்துபோகிறது. அந்த இரண்டரை லட்சத்துக்குத்தான் நகையை அடகு வைக்கிறோம், தண்டல்காரரைத் தேடுகிறோம்.

இரண்டாவது கேள்வி, மிச்சம். இதே கடையில் நூற்றுக்குப் பத்து ரூபாய் லாபம் என்றால் மாதம் 15,000 ரூபாய். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து 10,000 எடுத்தால் 5,000 மிஞ்சும். ஒரு லட்சம் ரூபாயை 12 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 3,320 ரூபாய். கட்டிவிடலாம். ஆனால் வீட்டுக்கு எடுத்ததைத் தனியாக எழுதாத கடையில் அந்த 5,000 மிஞ்சுகிறதா இல்லையா என்று கடைக்காரருக்கே தெரியாது. செயலியால் கிடைக்கும் முதல் நன்மை இதுதான் என்பது என் எண்ணம். வங்கியிடம் காட்டுவதற்கு முன்பே, எவ்வளவு கடன் தாங்கும் என்று அவருக்கே சொல்லிவிடும்.

எழுதியது யார் என்பதே முக்கியம்

கணக்குப் பதிவுகளை வங்கி மூன்று தட்டாகப் பார்க்கிறது.

1. நாமே எழுதியது: கடை நோட்டு, காத்தாபுக், ஓகேகிரெடிட், வியாபார் போன்ற செயலிகளில் ஏற்றிய வரவு செலவு.
2. எதிர்த்தரப்பும் சேர்ந்து எழுதியது: மொத்த வியாபாரியின் ஜிஎஸ்டி பில், பால் சங்கத்து அட்டை, கமிஷன் கடைச் சிட்டை.
3. நமக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் எழுதியது: வங்கி ஸ்டேட்மென்ட், யுபிஐ வரவு, கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கை.

செயலி முதல் தட்டில் இருக்கிறது. 5,000 விற்றுவிட்டு 8,000 என்று ஏற்றினாலும் அது ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் மேலாளர் அதைத் தனியாக வைத்து முடிவெடுக்கத் தயங்குகிறார். அதே செயலிக் கணக்கு இரண்டாவது, மூன்றாவது தட்டோடு பொருந்தி வந்தால் நிலைமை மாறும். கீழமாசி வீதி மொத்தக் கடையிலிருந்து மாதம் ஒன்றேகால் லட்சத்துக்குச் சரக்கு எடுத்ததற்குப் பில் இருக்கிறது, செயலியிலும் அதே தேதியில் அதே தொகை கொள்முதலாக ஏறியிருக்கிறது, வங்கிக் கணக்கிலிருந்து அந்த வியாபாரிக்குப் பணமும் போயிருக்கிறது என்றால், அவ்வளவு சரக்கு வாங்கியவர் அதற்கு மேல்தான் விற்றிருக்க வேண்டும். ரொக்க விற்பனைக்கு ரசீது இல்லாவிட்டாலும் கொள்முதல் பக்கத்திலிருந்து அதை நிரூபித்துவிடலாம்.

இதற்கு ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். கல்லா ரொக்கத்தை வாரத்துக்கு இரண்டு தடவையாவது வங்கிக் கணக்கில் போட்டு, மொத்தக் கடைக்கு அங்கிருந்தே அனுப்ப வேண்டும். இதற்காக ஒரு நடை கூடுதலாக அலைய வேண்டியிருக்கும், உண்மைதான். ஆனாலும் செயலியில் ஒரு வருஷம் எழுதுவதைவிட இந்த ஒரு பழக்கம் கடனுக்கு அதிகம் உதவும் என்று அடித்துச் சொல்வேன்.

கடன் நோட்டு என்னும் சொத்து

கிராமத்துக் கடையில் செயலி உண்மையிலேயே வித்தியாசம் காட்டுவது பாக்கிக் கணக்கில். கூலி வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை கூலி வாங்கித்தான் கடனைத் தீர்ப்பார்கள். விவசாயி அறுப்பு முடிந்துதான் தருவார். ஊருக்குள் 60,000 ரூபாய் பாக்கி நின்றால் அது கடைக்காரரின் சொத்து. வரவேண்டிய பணம் என்ற பெயரில் ஐந்தொகையில், அதாவது சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கில், சொத்துப் பக்கம்தான் அது வரும். நோட்டில் அது பெயரும் தொகையுமாக மட்டும் இருக்கும். தேதி பாதி இடங்களில் இருக்காது. கூட்டல் போட்டதும் பழைய வரியை அடித்துவிடுவார்கள்.

வங்கியில் சிசி எனப்படும் ரொக்கக் கடன் கணக்கு வைத்திருப்பவர் மாதாமாதம் சரக்கிருப்பும் வரவேண்டிய பாக்கியும் எவ்வளவு என்று கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் அந்த மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவாகும். பொதுவாக 90 நாளுக்கு மேல் நிற்கும் பாக்கியைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆக, பாக்கிக்குத் தேதி வேண்டும். செயலியில் ஏற்றினால் தேதி தானாக விழுந்துவிடும். யாருடைய பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்று பிரித்துக் காட்டும். வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியும் போகும், அதனால் அந்தப் பதிவுக்கு இன்னொரு சாட்சி கிடைத்த மாதிரி. நினைவூட்டல் போனதும் வசூல் கொஞ்சம் வேகமெடுக்கும். வசூல் வேகமெடுத்தால் வாங்க வேண்டிய கடனே குறையும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மானத்துக்கு அஞ்சுகிற ஊரில் தானாகப் போகும் நினைவூட்டல் சிலரை நிரந்தரமாக வேறு கடைக்கு அனுப்பிவிடும். யாருக்கு அனுப்புவது, யாரிடம் நேரில் கேட்பது என்பதைக் கடைக்காரரேதான் முடிவு செய்ய வேண்டும். இதைச் செயலியின் கையில் விடக்கூடாது.

தண்டல் கட்டியதற்கு அடையாளம் இல்லை

மூன்றாவது கேள்வி, பழைய கடன் வரலாறு. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் 300 முதல் 900 வரை மதிப்பெண் தருகின்றன. இதுவரை வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடனே வாங்காதவருக்கு மதிப்பெண்ணே இருக்காது.

தண்டல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய்க்கு 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "வட்டி பத்து ரூபாய்தானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 78 சதவீத வட்டி. பிடித்தம் 1,500 என்றால் 120 சதவீதம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் தண்டலையும் கந்து வட்டியையும் மீட்டர் வட்டியையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. இருந்தும் அது நடக்கிறது, ஏனென்றால் தண்டல்காரர் காகிதம் கேட்பதில்லை.

எனக்கு மிகவும் ஆற்றாமையாக இருப்பது வட்டி மட்டுமல்ல. பத்து வருஷமாக ஒரு நாள் தவறாமல் தண்டல் கட்டிய பெண்மணியின் நாணயம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. வங்கிக்குப் போனால் அவர் புதியவர். அவரே ஒரு 20,000 ரூபாய்க் கடனை வங்கியில் வாங்கி ஒழுங்காகக் கட்டியிருந்தால் அது அறிக்கையில் ஏறியிருக்கும், அடுத்த முறை கூடுதலாகக் கேட்கலாம்.

முதல் தடவை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வங்கி திருப்பி அனுப்பக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வரலாறு இல்லாத இடத்தில் வேறு எதையாவது பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒழுங்கான வரவு செலவுக் கணக்கின் அவசியம் அங்கேதான் வருகிறது.

இது மதுரைக்குப் புதிதல்ல

நோட்டுக் கணக்கை நம்பி வங்கி கடன் தந்த அனுபவம் இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு ஏற்கெனவே உண்டு. ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992-இல் சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கத் தொடங்கியது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்களும் அந்தக் காலத்தில் வளர்ந்தவைதான். குழுவுக்குக் கடன் தரலாமா என்று பார்க்க ஐந்து ஒழுங்குகள் உண்டு: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, குழுவுக்குள்ளேயே தந்துகொள்ளும் உள்கடன், காலத்தில் திருப்பிக் கட்டுவது, அன்றன்றைக்கு எழுதிய கணக்குப் புத்தகம். சொத்துப் பத்திரம் இந்தப் பட்டியலில் இல்லை.

குழுவுக்குக் கிடைத்த அந்த நம்பிக்கை, குழுவில் இருப்பவர் தனியாக நடத்தும் இட்லிக் கடைக்கோ தையல் கடைக்கோ கிடைப்பதில்லை. குழுவின் பேரேட்டில் இருப்பது அவருடைய சேமிப்பும் தவணையும்தான், வியாபாரம் இல்லை. அந்த இடைவெளியைத்தான் செயலி நிரப்பப் பார்க்கிறது.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கடையை நடத்துவது அம்மா. கியூஆர் அட்டை மகனுடைய சேமிப்புக் கணக்கோடு இணைந்திருக்கிறது. ஸ்மார்ட்போன் அவனிடம்தானே இருக்கிறது என்று அப்படிச் செய்திருப்பார்கள். மூன்று வருஷம் கழித்து, கடையின் யுபிஐ வரலாறு முழுவதும் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் பெயரில் இருக்கும். அம்மாவின் கணக்கில் மகளிர் உரிமைத் தொகை வந்து போவது மட்டும் தெரியும். அவர் கடன் கேட்டால் எந்த வங்கியும் அவரைக் கடைக்காரராகப் பார்க்காது.

பூ விவசாயிக்கும் இதே சிக்கல்தான். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் தினம் மல்லிகையைக் கொண்டுவந்து போடுகிறவரின் விற்பனை வரலாறு, கமிஷன் கடையின் பேரேட்டில்தான் இருக்கிறது. அவசரத்துக்கு முன்பணம் தருவதும் அதே கடைதான். ஏனென்றால் இவருடைய வரத்து எவ்வளவு என்று அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். முன்பணம் வாங்கினால் பூவை வேறு கடையில் போட முடியாது. அன்றாடச் சிட்டையைப் படமெடுத்து, எடை, விலை, பிடித்தம் மூன்றையும் தன் போனில் ஏற்றி வைத்தால், தை மாதத்தில் விலை எப்படி ஏறுகிறது, எந்த மாதத்தில் கையில் காசு இருக்காது என்பதைக் காட்டித் தவணையை அதற்கேற்ப அமைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இந்த யோசனைக்கு முன்மாதிரி உண்டு. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் முயற்சியில், குஜராத்தில் பால் ஊற்றிய கணக்கை வைத்துக் கடன் தந்து பார்த்தார்கள். அதே முயற்சியில் விவசாயக் கடன் அட்டைக்கான முதல் சோதனை 2022-இல் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும்தான் தொடங்கியது. இன்று அது யுஎல்ஐ என்ற பொதுத் தளமாக வளர்ந்திருக்கிறது.

தகவல் வங்கிக்குப் போகும் வழி

அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்ற ஏற்பாடு 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம் கணக்கு இருக்கும் வங்கியிலிருந்து கடன் தரும் வங்கிக்கு, நம் சம்மதத்தோடு ஸ்டேட்மென்டை நேரடியாகக் கொண்டுபோகும் நிறுவனங்கள் இவை. நடுவில் இருக்கும் நிறுவனத்தால் அந்தத் தகவலைப் படிக்க முடியாது. எந்தத் தகவல், எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு காலத்துக்கு என்று சம்மதத் திரையில் இருக்கும். கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறவும் முடியும். 2022 முதல் ஜிஎஸ்டி விவரமும் இதில் சேர்ந்திருக்கிறது. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கிளை கிளையாக அலைவதும், தாளில் எண்ணைத் திருத்திவிட்டார்களோ என்று வங்கி சந்தேகப்படுவதும் இதனால் குறைகின்றன.

"கணக்கு எழுதினால் வரி வருமே?"

இந்தப் பயம் நியாயமானது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. பெங்களூருவில் பல கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் கேட்டன. அந்தச் செய்தி இங்கேயும் பரவியது.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். புதுப் பூ, காய்கறி, பால் போன்ற வரியில்லாப் பொருட்களை மட்டும் விற்பவருக்கு, விற்பனை எவ்வளவு இருந்தாலும் பதிவு தேவையில்லை. நம் மளிகைக் கடையின் 18 லட்சம் வரம்புக்கு வெகு கீழே. வருமான வரியிலும் சிறு வியாபாரிக்கு எளிய வழி இருக்கிறது. ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டிக் கணக்கை முடிக்கலாம். உண்மை லாபம் அதைவிட அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். வங்கியும் அந்த வருமான வரிக் கணக்குத் தாளைத்தான் கேட்கும் என்பதால், அங்கே குறைத்துக் காட்டினால் கடனும் குறையும்.

நோட்டீஸ் வந்தால் தப்பிக்க வைப்பதும் கணக்குதான். யுபிஐயில் வந்த பணத்தில் எது விற்பனை, எது மச்சான் திருப்பித் தந்த கைமாற்று என்று பிரித்துக் காட்ட முடியாதவர்தான் மாட்டிக்கொள்கிறார். இதற்காகவே கடைக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைப்பது நல்லது.

செயலியே கடன் தர முன்வந்தால்

இலவசமாகக் கிடைக்கும் செயலி ஏதாவது ஒரு வழியில் சம்பாதித்தாக வேண்டும். நிதி நிறுவனங்களோடு சேர்ந்து கடன் விற்பது அதில் ஒரு வழி. இரண்டு நிமிடத்தில் வரும் அந்தக் கடனின் வட்டி பெரும்பாலும் வங்கி வட்டியைவிட அதிகம். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளை வைத்து நான்கு விஷயங்களைச் சரிபார்க்கலாம்.

1. கடன் தருவது எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் என்று பெயர் இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி இணையதளத்தில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் கடன் செயலிப் பட்டியல் இருக்கிறது.
2. எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம், முக்கிய விவரத் தாளில் கையெழுத்துக்கு முன்பே தெரிய வேண்டும்.
3. பணம் நேராக நம் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும்.
4. போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கக்கூடாது. கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வங்கிக்குப் போகும்போது

முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று பிரிவுகள் உண்டு. சிறு, குறு தொழிலுக்கு 10 லட்சம் வரையிலான (2026 ஏப்ரல் முதல் 20 லட்சம் வரையிலான) கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக்கூடாது. ஜிஎஸ்டி எண் இல்லாத மிகச் சிறிய கடைகளும் 2023-இல் வந்த உத்யம் அசிஸ்ட் தளம் வழியாக உத்யம் என்ற சிறு தொழில் பதிவுச் சான்று பெற்றுக்கொள்ளலாம். கையில் கொண்டுபோக வேண்டியவை: ஓராண்டு வங்கி ஸ்டேட்மென்ட், செயலியிலிருந்து மாதவாரியாக எடுத்த விற்பனை, கொள்முதல், பாக்கி அறிக்கைகள், மொத்தக் கடை பில்கள், உத்யம் சான்று. முன்கூட்டியே சிபில் அறிக்கையையும் பார்த்துவிடுங்கள், ஆண்டுக்கு ஒன்று இலவசம். தீர்த்த கடன் தீராததாகக் கிடந்தால் முதலிலேயே திருத்திக்கொள்ளலாம்.

"பார்க்கலாம், அப்புறம் வாங்க" என்ற வாய்ப் பதிலோடு திரும்பி வராதீர்கள். குறு, சிறு தொழில் கடன் மனுவுக்கு வரிசை எண்ணோடு ஒப்புகை தர வேண்டியது வங்கியின் கடமை. 25 லட்சம் வரையிலான மனுவுக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியிடம் புகார் கொடுத்தும் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணில் அடுத்து என்ன செய்வது என்று கேட்கலாம். ஒப்புகைச் சீட்டு இருந்தால்தான் அந்தப் புகார் நிற்கும்.